மனோரஞ்சிதம் பலகை அடித்த கார் ஷெட்

வாங்க, வாங்க. கேட்டைத் தள்ளினா திறந்துக்கும். ஷெட்டைப் பாத்துட்டுத்தானே பைக்கை நிறுத்தினீங்க? தெரியும். இந்த ரோட்டுல போறவங்க பாதிப்பேர் நிறுத்தறாங்க. செல்போன்ல படம் எடுக்கறாங்க. குனிஞ்சு பலகைக்கு அடியில எட்டிப் பாக்கறாங்க. அப்புறம் இங்க வந்து, சார் இது யாரு செஞ்சதுன்னு கேக்கறாங்க. நான் சர்க்கார்ல கட்டட இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவன். எத்தனை ஆபீஸ், எத்தனை குவார்ட்டர்ஸ் கட்டியிருப்பேன். இந்த வீடும் நான் பிளான் போட்டுக் கட்டினதுதான். இதுவரைக்கும் ஒருத்தர் கூட வண்டியை நிறுத்தி, சார் இந்த வீட்டை யாரு கட்டினதுன்னு கேட்டதில்லை.

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. கட்டபெட்டு பக்கம் ஹோம்ஸ்டே கட்டறீங்களா? நல்லது. செங்கல் சுவருக்கு மேல மரப்பலகை அடிக்கணும், அவ்வளவுதானே? சரியான ஆள்கிட்டத்தான் வந்திருக்கீங்க. அங்க உள்ள ரம்பம் சத்தம் கேக்குதில்ல, அது என் சம்சாரம். மனோரஞ்சிதம். காலேஜ்ல பாட்டனி நடத்தினவ. அவகிட்டப் போய்க் கேட்டீங்கன்னா பலகையைப் பத்தி மட்டும்தான் சொல்லுவா. நான் சொன்னா எல்லாம் சேத்துச் சொல்லுவேன். முழுசா கேட்டுட்டு அப்புறம் போங்க.

ஈரோட்டுல வெயில் தாங்காமத்தான் கோத்தகிரியில இடம் வாங்கினோம். ரிட்டயர் ஆனதும் வீடு. பிளான் மொத்தமும் என் கையால போட்டேன். ஹால், எனக்கு ஒரு ஆபீஸ் ரூம், ரெண்டு பெட்ரூம், பூஜை ரூம், சமையல்கட்டு. சமையல்கட்டை மட்டும் ஹாலுக்குச் சமமா வச்சேன். எல்லாம் அவளுக்காகத்தான். ரிட்டயர் ஆனவனுக்கு ஆபீஸ் ரூம் எதுக்குன்னு நீங்க கேக்கலாம். பேப்பர் படிக்கணுமில்லைங்களா.

கிரகப்பிரவேசம் முடிஞ்சு சாமான் எல்லாம் பிரிச்சு வைக்கறப்ப, அவளோட புத்தகமும் காஞ்ச இலை ஒட்டின ஆல்பமும் பெட்டி பெட்டியா மிச்சம் நின்னுச்சு. இதெல்லாம் எங்க வைக்கறதுன்னா. பரண்ல போடுன்னேன். எனக்குன்னு ஒரு ரூம் இல்லையான்னு கேட்டா. நான் சொன்னேன், "வீடே உன்னோடதுதானே ரஞ்சிதம், தனியா ஒரு ரூம் எதுக்கு?"

"அப்படின்னா, நான் சாத்திக்கிட்டு உக்காரக்கூடிய கதவு ஒண்ணு காட்டுங்க"ன்னா.

பாத்ரூம் கதவைக் காட்டினேன். ஜோக்குங்க. அவ சிரிக்கலை. காலேஜ்ல வேலை பாத்தவங்களுக்கே ஜோக்கு சட்டுனு புரியாது.

அப்புறம் எனக்குக் கண்ணுல புரை வந்து, மலை ரோட்டுல வண்டி ஓட்ட வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். காரை வித்தாச்சு. ஷெட்டு காலியாக் கிடந்துச்சு. இதை நான் எடுத்துக்கட்டுமான்னு கேட்டா. தாராளமா எடுத்துக்க, கதவு கேட்டியே, இந்தா பெரிய இரும்பு ஷட்டரே இருக்கு, நல்லா இழுத்துச் சாத்திக்கன்னேன். அதுவும் ஜோக்குதான். மறுநாள் காலையில பாத்தா மேசையைத் தள்ளிட்டுப் போய்க்கிட்டிருக்கா. நான் ஜோக்கு சொன்னா சிரிக்கமாட்டா, செஞ்சிடுவா. அதான் அவகிட்ட இருக்கற கோளாறு.

ஷெட்டுச் சுவரு ஒத்தைச் செங்கல் கனத்துச் சுவரு. காருக்கு அது போதும். மனுஷங்க உக்காருவாங்கன்னு நான் கட்டலை. இந்த ஊர்ல ஐப்பசி கார்த்திகையிலதான் மழை வெளுக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கிழக்குக் காத்தோட வந்து சுவர்ல அறையும். முதல் மழைக்கே உள்பக்கம் ஓதம் ஏறிடுச்சு. புத்தகத்துல எல்லாம் பூஞ்சை. அவ அந்த இலை ஆல்பத்தைப் பக்கம் பக்கமா எடுத்து அடுப்புப் பக்கத்துல காய வச்சா. நான்தான் சொன்னேனே, பரண்ல போட்டிருந்தா இந்த வம்பு உண்டான்னு. அவ அடுத்த பக்கத்தை எடுத்துக் காய வச்சா. பெயிண்ட் அடிச்சுப் பாத்தேன், வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட், நானே நின்னு அடிக்க வச்சேன். அடுத்த மழைக்கு அப்பளம் மாதிரிப் பொரிஞ்சு கொட்டிடுச்சு. பெயிண்ட் கம்பெனிக்காரங்களுக்கு இப்ப மனசாட்சியே இல்லை.

அப்பத்தான் சொன்னா, வெளிய மரப்பலகை அடிக்கப் போறேன்னு.

நான் சிரிச்சேன். செங்கல்லே தாங்காத மழைக்கு மரத்தை நிறுத்தப் போறாளாம். ஆனா அவ உக்காந்துட்டா. செல்போன்ல எந்த நாட்டு வெள்ளைக்காரனோ சுவர்ல பலகை அடிப்பான், இவ பாத்துக்கிட்டே இருப்பா. நிறுத்துவா, திரும்பப் போடுவா, நிறுத்துவா. சாம்பார் பொங்கி அடுப்பு அணைஞ்சு கேஸ் வாசம் வந்த நாளும் உண்டு. அப்புறம் பின்னாடி உரக்குழி மேல போட்டிருக்கற சின்னக் கொட்டகைக்கு ஒரு பக்கம் பலகை அடிச்சு, குடத்துல தண்ணி எடுத்து மேல ஊத்தி ஊத்தி, எங்க வழியுது, எங்க நிக்குதுன்னு பாத்தா. பக்கத்து எஸ்டேட்டுல கொழுந்து பறிக்கற பொம்பளைங்க எல்லாம் நின்னு வேடிக்கை பாத்தாங்க. ரிட்டயர்டு இன்ஜினியர் பொண்டாட்டி குப்பைக்குழிக்கு அபிஷேகம் பண்ணறான்னு பேச்சு.

மரம் வாங்க ரெண்டு பேரும்தான் போனோம். போஜன்னு ஒருத்தர், குன்னூர் ரோட்டுல மரக்கடை வச்சிருக்கார். நான் சில்வர் ஓக் கேட்டேன். விலை கம்மி, இங்கேயே கிடைக்கும். ரஞ்சிதம் சைப்ரஸ்தான் வேணும்னா. சில்வர் ஓக் உள்ளுக்கு ஆகும், வெளிய மழையில நின்னா உளுத்துப் போகும், சைப்ரஸுக்கு உள்ளயே எண்ணெய் இருக்கு, சீக்கிரம் பூச்சி பிடிக்காதுன்னா. நான் போஜனைத் தனியாக் கூப்பிட்டு, நான் இந்த ஃபீல்டுல இருந்தவன், எனக்குத் தெரியாத மரமான்னு ஆரம்பிச்சேன். அவர் என்னைப் பாத்து நல்லாத் தலையாட்டினார். தலையாட்டிட்டு அவ பக்கம் திரும்பி, அம்மா, பலகை எவ்வளவு கனம் வேணும்னு கேட்டார். கடையை விட்டு வர்ற வரைக்கும் என் பக்கம் திரும்பவே இல்லை. வியாபாரிகளுக்கு ஆள் மரியாதை தெரியறதில்லை.

பலகை வந்து இறங்குச்சு. சரி, அடிக்கலாம்னு பாத்தா அதுவும் இல்லை. ஷெட்டுக்குள்ள அடுக்கி வச்சா. ஒவ்வொரு வரிசைக்கும் நடுவுல குச்சி குடுத்து, காத்து போக இடம் விட்டு, வாரக்கணக்கா அப்படியே கிடந்துச்சு. ஏன்னு கேட்டா, இந்த ஊர்க் காத்துக்கு அது பழகணும், பழகாம அடிச்சா அப்புறம் சுருங்கும், முறுக்கிக்கும்னா. பலகை என்ன புது மருமகளா, ஊர் பழகறதுக்குன்னு கேட்டேன். அவ குச்சியைச் சரி பண்ணிக்கிட்டே, மருமகளுக்கு யாரும் இவ்வளவு நாள் குடுக்கறதில்லைன்னா. இந்த மாதிரி சம்பந்தம் இல்லாம எதையாவது சொல்லுவா.

ஆசாரி பேரு சூசை. நல்ல மனுஷன். ஒரே ஒரு குறை, எல்லாத்துக்கும் ஆமாம்பான். நான் சொன்னா, ஆமாங்க சார். அவ வந்து நேர் எதிராச் சொன்னா, ஆமாங்கம்மா. அவன் வேலையில பாதி, முன்னாடி செஞ்சதைப் பிரிக்கறதாத்தான் இருக்கும்.

இப்பக் கவனிங்க, உங்களுக்கு வேண்டியது இதுதான். முதல்ல சுவர்ல ஒரு கருப்பு ஷீட்டை விரிச்சு அடிச்சாங்க. வெளியில இருந்து தண்ணி போகாது, உள்ள இருக்கற ஈரம் மட்டும் வெளிய வந்துரும்னு ஒரு ஷீட்டு. கோயமுத்தூர்ல இருந்து வரவழைச்சா. அது மேல நெட்டுக்குத்தா ரீப்பர் கட்டை, மெல்லிசான மரச்சட்டம். ரசமட்டம் வச்சுப் பாத்துப் பாத்து, சுவரு கோணலா இருக்கற இடத்துல எல்லாம் அடியில ஆப்பு குடுத்து நேராக்கினாங்க. என் சுவரு கோணலாங்கறீங்களா? கார் ஷெட்டுச் சுவரை யாரு சார் தூக்குக்குண்டு விட்டுப் பாப்பாங்க? அந்த ரீப்பர் மேலதான் பலகையைக் குறுக்க அடிக்கறது. கீழ இருந்து ஆரம்பிச்சு மேல மேல. மேல் பலகை கீழ்ப் பலகை மேல கொஞ்சம் ஏறி உக்காரும், ஓடு வேயற மாதிரி. ஆணியும் சாதா ஆணி கூடாது, கறை விடும்னு துருப்பிடிக்காத ஆணி வாங்கினா. ஒரு பலகைக்கு ஒரு ரீப்பர்ல ஒரே ஆணி. அடியில இருக்கற பலகையில அந்த ஆணி படவே கூடாதாம். ஏன்னா மரம் மழையில உப்பும், வெயில்ல ஒடுங்கும், ரெண்டையும் சேத்து அடிச்சுட்டா அசைய முடியாமப் பிளந்துக்குமாம்.

சரி, அதைக் கூட ஒத்துக்கலாம். அடிப்பலகையை மண்ணுல இருந்து ஒரு முழத்துக்கு மேல தூக்கித்தான் ஆரம்பிச்சா. பலகைக்கும் சுவருக்கும் நடுவுல ரீப்பர் கனத்துக்கு இடைவெளி இருக்கில்ல, அது கீழயும் திறந்து கிடக்கு, மேல கூரைக்கு அடியிலயும் திறந்து கிடக்கு. எலி போகாம இருக்கக் கம்பிவலை மட்டும் வச்சா. இது எதுக்குன்னு கேட்டேன். காத்தோட அடிக்கற மழை எப்படியும் கொஞ்சம் பின்னாடி போகும், போன தண்ணி கீழ இறங்கி வெளிய போகணும், காத்து ஏறி இறங்கி உலத்தணும்னா. தண்ணி உள்ள போகும்னு தெரிஞ்சே ஒருத்தி சுவரு கட்டறா பாருங்க. என் சர்வீஸ்ல ஓட்டைன்னா அடைக்கறதுதான் வேலை. ஓட்டையை அளந்து விடறதுன்னு நான் எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்லை.

அறுத்த முனை ஒவ்வொண்ணுக்கும் லின்சீட் ஆயில், அதாங்க ஆளிவிதை எண்ணெய், தடவினா. அவளே தடவினா, சூசையை நம்பலை. சித்திரை முடியறதுக்குள்ள வேலை முடிஞ்சுது. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. தேன் நிறத்துல, சாயங்கால வெயில் பட்டா மினுங்கும்.

கோடை மழை ஒண்ணு வந்துச்சு. அவ வெளிய போய் நனைஞ்சுக்கிட்டே நின்னு பாத்தா. ஒவ்வொரு பலகை விளிம்புலயும் தண்ணி சொட்டுச் சொட்டா கீழ விழுகுது, சுவரு பக்கம் ஒண்ணும் போகலை. அவ சிரிச்சா. தனியா நின்னு, வாய்விட்டு. அவ அப்படிச் சிரிச்சு நான் எப்பப் பாத்தேன்னு யோசிச்சேன், ஞாபகம் வரலை. குடையை எடுத்துக்கிட்டுப் போலாம்னுதான் எந்திரிச்சேன். அப்புறம் இங்க இருந்தே, சளி பிடிக்கும், உள்ள வான்னு ஒரு சத்தம் போட்டேன். அக்கறைதான்.

புரட்டாசியில எங்க பொண்ணு சுகந்திக்கு ரெண்டாவது பிரசவம். ஓசூர்ல இருக்கா. ரஞ்சிதம் கிளம்பிப் போயிட்டா. போறப்ப என்கிட்ட வந்து, ஷெட்டுல ஒண்ணும் செய்யாதீங்கன்னு சொல்லிட்டுப் போனா. நான் என்ன செய்யப் போறேன்? ஆனா பாருங்க, வீட்டுல தனியா உக்காந்துக்கிட்டு, தினம் எதிர்க்க அந்தப் பலகையையே பாத்துக்கிட்டிருந்தா மனசு கேக்கலை. வெயில் பட்டுத் தேன் நிறம் போய்ச் சாம்பல் பூக்க ஆரம்பிச்சிருச்சு. அது அப்படித்தான் ஆகும், கெடுதல் இல்லைன்னு அவ சொல்லியிருந்தா. எனக்குப் பாக்க அழுக்கா இருந்துச்சு. மழைக்காலமும் வருது. அவ கஷ்டப்பட்டுச் செஞ்சது, நான் கொஞ்சம் பலப்படுத்தி வச்சா வந்து பாத்துச் சந்தோஷப்படுவாளேன்னு நினைச்சேன். புருஷன்னு ஒருத்தன் இருந்து என்ன பிரயோஜனம்?

சூசையைக் கூப்பிட்டேன். ஆமாங்க சார்னு வந்தான். கீழ் இடைவெளி முழுக்கச் சிமெண்ட் வச்சு அடைச்சோம். அழகா, சாய்வு குடுத்து, நீலகிரியில எவனும் அப்படிப் பூசியிருக்க மாட்டான். மேல இருந்த இடைவெளிக்கும் ஒரு நீளக் கட்டை வச்சு மூடினோம். ஒவ்வொரு பலகைக்கும் இன்னொரு ஆணி கூடுதலா, அதுக்கு அடியில இருக்கற பலகையையும் சேத்துப் பிடிக்கற மாதிரி நீட்ட ஆணி. அப்புறம் மொத்தத்துக்கும் வார்னிஷ். பளபளன்னு கல்யாண மண்டபம் கதவு மாதிரி ஆயிடுச்சு. நான் முன்னாடி நின்னு, சூசையை விட்டு ஒரு போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். பாத்துட்டான்னு ரெண்டு நீலக் கோடு வந்துச்சு. பதில் வரலை. சந்தோஷத்துல என்ன எழுதறதுன்னு தெரியலை போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

அந்த வருஷ மழை மாதிரி நான் பாத்ததில்லைங்க. அதுதான் காரணம், வேற ஒண்ணும் இல்லை. ஐப்பசி முழுக்க ஊத்துச்சு. கிழக்குப் பக்கப் பலகை உப்பிப் போய் வயித்தைத் தள்ளிக்கிட்டு நின்னுச்சு. ஆணி அடிச்ச இடமெல்லாம் வெடிப்பு விட்டுச்சு. வார்னிஷ் கொப்புளம் கொப்புளமா எந்திரிச்சு, அடிப்பலகை ரெண்டு மூணு கருத்து, விரலால அழுத்தினா உள்ள போச்சு. உள்பக்கச் சுவரு பழையபடி ஈரம். நான் போஜனுக்குப் போன் பண்ணி நல்லாக் கேட்டேன், என்னய்யா மரம் குடுத்திருக்கேன்னு. அவர் பொறுமையாக் கேட்டுட்டு, கீழ அடைச்சீங்களா சார்னு ஒரே கேள்வி கேட்டார். நான் போனை வச்சுட்டேன். சம்பந்தம் இல்லாத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டிருக்க முடியுமா?

கார்த்திகை கடைசியில ரஞ்சிதம் வந்தா. பஸ் ஸ்டாண்டுல இருந்து டாக்சி வந்து நின்னுச்சு. நான் கேட்டுகிட்டப் போய் நின்னேன். பேத்தி எப்படி இருக்கா, சுகந்தி எப்படி இருக்கான்னு கேட்டேன். அவ பையைக் கீழ வச்சா. என்னைத் தாண்டிப் போய் ஷெட்டு முன்னாடி நின்னா. கையால பலகையைத் தடவிக்கிட்டே ஒரு சுத்து சுத்தி வந்தா. சிமெண்ட் வச்ச இடத்துல குந்தி உக்காந்தா. நான் பின்னாடியே போய், மழை அப்படி, நான் மட்டும் இதைச் செஞ்சு வைக்கலைன்னா மொத்தமும் போயிருக்கும்னு சொன்னேன். அவ உள்ள போய் உளியும் சுத்தியலும் எடுத்துட்டு வந்து, சீலை முந்தானையைச் செருகிக்கிட்டு, சிமெண்ட்டை உடைக்க ஆரம்பிச்சா. பஸ்ல வந்த களைப்புக் கூடப் போகலை, காப்பி கூடக் குடிக்கலை.

நான் சொன்னேன், அது மர உளி, சிமெண்டுக்கு வெட்டிரும்பு இருக்கு, எடுத்துத் தரட்டுமான்னு. உதவியாத்தான் சொன்னேன். அப்ப நிமிந்து பாத்தா. கோபமா இருந்தா கூட எனக்குப் பழக்கம். கோபமே இல்லை. நம்ம ஆபீஸ்ல மனு குடுக்க வந்தவங்களைப் பாப்போமே, அந்த மாதிரிப் பாத்தா.

"என் சமையல், என் சீலை, என் பென்ஷன், நான் பேசற போன், எல்லாத்துலயும் நீங்க கை வச்சீங்க. நான் எதுவும் சொல்லலை"ன்னா. "இதுல வச்சிருக்க வேண்டாம்."

அவ்வளவுதான். மறுபடி உடைக்க ஆரம்பிச்சுட்டா. எனக்கு என்னன்னா, அதுல பென்ஷன் எங்க வந்துச்சு? ரெண்டு பேர் பென்ஷனும் ஒரே கணக்குல இருந்தா நிர்வாகம் பண்ணச் சுலபம்னு நான்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அதுக்கும் பலகைக்கும் என்ன சம்பந்தம்? நீங்களே சொல்லுங்க. சரி, சொல்ல வேண்டாம், விடுங்க.

சூசை வந்தான். ஆமாங்கம்மான்னு அவளோட சேந்து அவன் அடிச்ச ஆணியை அவனே பிடுங்கினான். வெக்கமே இல்லை. நல்ல பலகையைத் தனியா எடுத்து வச்சு, உளுத்ததை வெட்டிக் கழிச்சு, வார்னிஷைச் சுரண்டி, தை மாசம் காய விட்டு, மாசியில மறுபடி அடிச்சாங்க. பாதிக்கு மேல அவளே அடிச்சா. இடைவெளி பழையபடி. ஷட்டரைக் கழட்டிப் போட்டுட்டு மரக்கதவு, பக்கத்துல ஒரு ஜன்னல், பள்ளத்தாக்கைப் பாத்து. ஜன்னலுக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. எந்த உயரத்துல வைக்கணும்னு நான் சொல்லியிருப்பேன்.

அடுத்த ஐப்பசிக்கு ஒரு சொட்டு உள்ள வரலை. அந்த வருஷம் மழை கம்மின்னு நினைக்கறேன்.

அந்த மழையிலதான் கட்டில் போச்சு. நான் ஹால்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். சூசை ஒரு முனை, ரஞ்சிதம் ஒரு முனை பிடிச்சு ஒத்தைக் கட்டிலைத் தூக்கிட்டு வந்தாங்க. என் கால் வழியில இருந்துச்சு. கொஞ்சம் தூக்கிக்கங்கன்னா. தூக்கிக்கிட்டேன். கட்டில் வாசலைத் தாண்டிப் போச்சு. நான் காலை இறக்கிட்டு மிச்சப் பேப்பரைப் படிச்சேன். அப்புறம் ஒரு அடுப்பு போச்சு. அப்புறம் அவ துணி. ஒரே நாள்ல இல்லைங்க, கொஞ்சம் கொஞ்சமா. நான் ஒண்ணும் தடுக்கலை. தடுக்கறதுக்கு என்ன இருக்கு? ஒரே காம்பவுண்டு. இங்க இருந்து கூப்பிட்டா கேக்கும். கேக்கணும். பலகைக்கும் சுவருக்கும் நடுவுல இடைவெளி இருக்கில்ல, அது சத்தத்தைக் குறைச்சிடுதுன்னு அவளே ஒரு நாள் சொன்னா. அதனாலதான் நான் கூப்பிட்டா வர்றதில்லை.

என் அக்கா சேலத்துல இருந்து வந்தப்ப, அவ ஏன்டா அங்க இருக்கான்னு கேட்டாங்க. மரம் புதுசு, உள்ள ஆள் புழங்கினாத்தான் ஈரம் பிடிக்காதுன்னு சொன்னேன். இன்னொரு தடவை சொந்தக்காரங்க வந்தப்ப, என் குறட்டை தாங்கலைன்னு சொல்லி வச்சேன். அக்கா சும்மா இருக்காம நேராப் போய் ரஞ்சிதத்தையே கேட்டுட்டாங்க. அவ அவங்களை உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, டீ போட்டுக் குடுத்து, "அண்ணி, நான் இப்ப இங்கதான் இருக்கேன்"னாளாம். அக்கா வந்து என்கிட்டச் சொன்னாங்க. நானும் அதைத்தானே சொன்னேன், அவ அங்கதான் இருக்கான்னு? எங்க அக்கா என்னவோ ஊருக்குக் கிளம்பற வரைக்கும் என்னைப் பாத்துப் பெருமூச்சு விட்டுக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு நாள் அவங்களும் அங்கேயே தூங்கினாங்க. கதகதன்னு இருக்காம்.

நான் உள்ள போனது ஒரே தடவை. கரண்ட் பில் குடுக்கற சாக்குல போனேன். கதவைத் தட்டினேன். நம்ம ஷெட்டுக்கு நாமே தட்டறது ஒரு மாதிரிதான் இருந்துச்சு. உள்ள மரவாசம். சுவரைத் தொட்டுப் பாத்தேன், எலும்பு மாதிரிக் காஞ்சு கிடக்கு. இலை ஆல்பம் எல்லாம் வரிசையா அலமாரியில. ஜன்னல் பக்கத்துல ஒரு நாற்காலி. ஒண்ணே ஒண்ணு. நான் நின்னுக்கிட்டே பில்லை நீட்டினேன். பில்லை வாங்கிக்கிட்டு, வேற ஏதாவதான்னு கேட்டா. இல்லைன்னுட்டு வந்துட்டேன்.

இப்ப அவ ரொம்பப் பிஸி. இந்த மாதிரி நீங்கல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்தி, குன்னூர்ல ஒரு பங்களா ஷெட்டு, அரவேனு பக்கம் ஒரு கடைன்னு, எல்லாத்துக்கும் பலகை அடிச்சுக் குடுக்கறா. சூசை இப்ப அவகிட்டதான் வேலை. ரெண்டு பேரும் ஜீப்புல போறாங்க. பென்ஷன் கணக்கையும் தனியாப் பிரிச்சுக்கிட்டா. வயசான காலத்துல எதுக்கு இந்த ஓட்டம்னு சுகந்திகிட்டச் சொன்னேன். அவ போன்ல சிரிக்கறா. அம்மாவுக்கு உடம்பு இளைச்சு முகம் தெளிஞ்சிருக்குப்பாங்கறா. நானும்தான் இளைச்சிருக்கேன். ஒரு வேளை உப்புமா, ஒரு வேளை ரொட்டி. சமையல்கட்டு பெருசுங்களா, உப்பு ஒரு மூலையில இருக்கு, கடுகு ஒரு மூலையில இருக்கு, நடந்து நடந்தே பாதி பசி போயிடுது. சுகர் குறைஞ்சிருக்குன்னு டாக்டருக்கும் சந்தோஷம்.

ரம்பம் சத்தம் நின்னுடுச்சு பாருங்க. வேலை முடிஞ்சிருச்சு போல. இப்பப் போனீங்கன்னா நல்லா விவரமாப் பேசுவா. மெதுவாத் தட்டுங்க, திறப்பா. முன்பின் தெரியாதவங்க தட்டினா உடனே திறப்பா.

ஒரு நிமிஷம். உங்ககிட்ட ஒரு காரியம். இப்படி வந்து இந்தச் சுவரைப் பாருங்க. என் ஆபீஸ் ரூம் சுவரு. மேல இருந்து கீழ வரைக்கும் உப்புப் பூத்திருக்கு. போன மழையில ஆரம்பிச்சுது. உள்பக்கமும் இறங்கிடுச்சு, பேப்பர் எல்லாம் நமுத்துப் போகுது. இதுக்கும் வெளிய பலகை அடிச்சா சரியாப் போகும்னு தோணுது. நான் போய்ச் சொன்னா அவளுக்குக் காதுல விழாது. நீங்க வேலை குடுக்க வந்தவங்க, நீங்க சொன்னா கேட்டுக்குவா. உங்க ஹோம்ஸ்டே பேச்சோட பேச்சா, இன்னொரு வீடும் இருக்கு, வந்து பாக்கறீங்களான்னு கேளுங்க. ஊர்ப் பேரு தெருப் பேரு வேண்டாம். வேலை நடக்கறப்ப டீ எல்லாம் வீட்டுக்காரர் போட்டுக் குடுப்பாருன்னு சொல்லுங்க. இப்ப எனக்கு டீ நல்லாவே வருது.

யாரு வீடுன்னு கேப்பா. ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர் வீடுன்னு சொல்லுங்க.

வேண்டாம். அதைச் சொன்னா வரமாட்டா. ஓதம் ஏறின வீடுன்னு மட்டும் சொல்லுங்க.